நாப்பழக்கம்

1888-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்ட கப்பலில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் பயணம் செய்தார். சட்டம் பயிலச் சென்றவர் அவர். உயர்நிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பிலிருந்தே பெரும்பாலான பாடங்களை ஆங்கிலத்தின் வாயிலாகக் கற்றவர். மெட்ரிகுலேஷன் தேர்விலும் தேறியவர். எனினும், உடன் வந்த ஆங்கிலேயர் அருகில் வந்து பரிவோடு ஏதேனும் வினவினால், அவருக்கு அது பெரும்பாலும் விளங்கவில்லை. விளங்கிய போதும் விடை கூற நா எழவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துள் கட்டி முடித்த பின்னரே அவரால் வாய் திறக்க முடிந்தது. உணவுக் கூடத்துப் பட்டியலில் ஊன் கலவாத உணவு எது என்று கேட்கவும் துணிவு பிறக்கவில்லை. ஆதலின் அவர் அக்கூடத்திற்கே செல்லாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலிருந்தே உண்டு நாள்களைக் கழித்தார். உடன் பயணம் செய்த ஜுனாகட் வழக்கறிஞர் மஜும்தார் அவருக்கு அறிவுரை பல கூறினார். வாய்ப்பு நேரும் போதெல்லாம் ஆங்கிலம் பேச வேண்டும் என்றும், அயல்மொழியில் பிழை நேர்வது இயல்பாதலின் அதற்கு அஞ்சலாகாது என்றும் வற்புறுத்தினார். கூச்சம் நீங்கவில்லை. அவ்விளைஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. இச்செய்தியைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார்.

வடிவியலை ஆங்கிலத்தில் கற்ற ஒருவரால் உணவை ஆங்கிலத்தில் கேட்க இயலாமற் போனது ஏன்? அறிவுக் குறைவு இதற்குக் காரணம் அன்று. அச்சிட்ட பக்கத்தைக் கண்ணால் கண்டு பொருள் உணர்வது ஒரு திறம். செவியில் விழுந்த ஒலியைப் பிரித்தறிந்து உடனே நாவால் விடை இறுப்பது மற்றொரு திறம். புத்தகம் கற்பவனுக்காகக் காத்திருக்கும்; ஒரு வரியை மூன்று முறை படிக்க இடம் தரும். எதிரில் நிற்பவர் அவ்வாறு காத்திரார். இராக இலக்கணம் முழுவதும் கற்றவனாயினும், நாதசுரத்தை முதன்முதலாக உதட்டில் பொருத்திய அன்றே அவ்விராகத்தை ஊதிவிட முடியுமா? உதடும் மூச்சும் விரலும் வேறாகப் பழக வேண்டும் அன்றோ? பேச்சும் அத்தகையதே. பள்ளிகளில் ஆங்கிலம் பெரிதும் கண்ணுக்கும் கைக்கும் உரிய பாடமாக இருந்து வருகிறது. படித்தல் உண்டு, எழுதுதல் உண்டு, தேர்வும் உண்டு. பேசுதலுக்குரிய நேரம் மிகச் சிறிது. ஐம்பது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பில், நாற்பத்தைந்து நிமிடமும் மாணவரே பேசினாலும் ஒருவர் பங்கிற்கு ஒரு நிமிடம் கிட்டாது. எனவே, பேசும் பழக்கத்திற்கு வகுப்பறைக்கு வெளியேதான் இடம் தேட வேண்டியுள்ளது.

தமிழைத் தாய்மொழியாக உடையவர்க்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. “நேற்று மாலை நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தை அவன் தொலைத்துவிட்டான்” என்னும் வாக்கியத்தை நோக்குக. காலமும் இடமும் பொருளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க, தொலைத்தல் என்னும் வினை இறுதியில் வந்து அனைத்தையும் முடித்து வைக்கிறது. ஆங்கிலத்தில் ‘அவன்’ என்றவுடனே ‘தொலைத்தான்’ என்பது வந்துவிடும்; அதன்பின் புத்தகம்; அதன்பின் அப்புத்தகத்தை அவன் எடுத்து வந்த செய்தி; அதன்பின் நூலகம்; ஈற்றில் நேற்று மாலை. வரிசை ஏறத்தாழத் தலைகீழாகிறது. தமிழில் வாக்கியத்தை முழுதும் அமைத்துக்கொண்டு, பின்பு அதனை ஆங்கிலமாக மாற்ற முயல்பவன், நெய்து முடித்த துணியைப் பிரித்து மீண்டும் நெய்பவன் ஆகிறான். இதற்குள் எதிரில் நிற்பவர் அடுத்த வினாவிற்குச் சென்றுவிடுகிறார். மனத்துள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்த காந்தியடிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. குசராத்தி மொழியிலும் வினை இறுதியில்தான் நிற்கும்.

மொழிபெயர்த்துப் பேச முற்படுவோர் முட்டுப்பட்டு நிற்கும் இடங்கள் இன்னும் பல. ‘எத்தனையாவது’ என்னும் எளிய சொல்லுக்கு நேரான ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. “நீ உன் பெற்றோருக்கு எத்தனையாவது பிள்ளை?” என்பதனை அப்படியே ஆங்கிலத்தில் கேட்க முயன்று திகைத்தவர் மிகப் பலர். ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடும் அம்மொழியில் இல்லை. ஆசிரியரையும் ‘யூ’ என்று சுட்ட வேண்டுமே என்று அஞ்சும் மாணவன், அச்சொல்லை விழுங்கிவிட்டு, வாக்கியத்திற்கு மூன்று ‘சார்’ சேர்த்துப் பேசுகிறான். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் இறுதியிலேயே அடங்கியுள்ளது. ‘கதவைத் திறங்கள்’ என்றால் போதும். வேறொரு பணிமொழி வேண்டுவதில்லை. அதனையே சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ஓப்பன் த டோர்’ என்றால், கேட்பவர் செவியில் அது கட்டளையாக ஒலிக்கும். ‘ப்ளீஸ்’ என்றோ ‘வுட் யூ’ என்றோ சேர்த்துச் சொல்வது ஆங்கிலத்தார் மரபு. இம்மரபு அறியாத காரணத்தால் பண்புடைய பிள்ளைகளும் முரடர்போலத் தோன்றிவிடுகின்றனர்.

ஒலிகளை எடுத்துக்கொண்டால், தமிழ் எழுத்தின் துணை ஓரளவே பயன்படும். பை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல், முதுகு என்னும் பொருளுடைய சொல், கட்டிவைத்தல் என்னும் பொருளுடைய சொல், அடுப்பில் ரொட்டி சுடுதல் என்னும் பொருளுடைய சொல் ஆகிய நான்கையும் தமிழில் ‘பேக்’ என்றே எழுத வேண்டியுள்ளது. ஆங்கிலேயர்க்கு அவை நான்கு வேறு ஒலிகள். சில நாள்களில் ஆங்கிலம் கற்பிப்பதாகக் கூறித் தமிழ் எழுத்தில் ஒலிப்புத் தரும் கையேடுகளால் பேச்சுப் பயிற்சி முற்றுப்பெறாமைக்கு இஃதொன்றே போதிய காரணம். செவி கேட்டாலன்றி நா திருந்தாது.

இன்னொன்று அழுத்தம். தமிழில் அசைகள் பெரும்பாலும் தத்தம் அளவு குறையாமல் ஒலிக்கும். ஆங்கிலத்திலோ ஒரு சொல்லின் ஓர் அசை ஓங்கி ஒலிக்க, ஏனையவை தேய்ந்து மெலியும். நிழற்படத்தைக் குறிக்கும் ‘ஃபோட்டோகிராஃப்’ என்னும் சொல்லில் முதல் அசை ஓங்கும். நிழற்படம் எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசை ஓங்கும். முதல் அசையில் இருந்த ‘ஃபோ’ என்னும் நெடிலும் தேய்ந்து ‘ஃப’ என்பதுபோல் ஆகிவிடும். வசதியானது என்னும் பொருள்படும் ‘கம்ஃபர்ட்டேபிள்’ என்னும் சொல் ஆங்கிலேயர் வாயில் ‘கம்ஃப்டபில்’ என்று சுருங்கி ஒலிப்பதனைக் கேட்கலாம். ஆங்கிலேயர் விரைந்து பேசுகின்றனர், ஒன்றும் விளங்கவில்லை என்று மாணவர் பலர் முறையிடுவது இதனாலேதான். அவர்கள் பேச்சின் விரைவைவிட, மெலிந்த அசைகளே கேட்பவரைப் பெரிதும் மயக்குகின்றன. ஓங்கிய அசை வரும் இடத்தில் மேசையை ஒரு விரலால் தட்டிக்கொண்டே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினால் இவ்வேறுபாடு சில நாள்களில் பிடிபடும்.

இனி, பழகும் வழிக்கு ஒரு சான்று காண்போம். டிராய் நகரத்தின் இடிபாடுகளை 1870-களில் அகழ்ந்து கண்டு உலகப் புகழ் பெற்றவர் ஹென்ரிக் ஸ்லீமன் என்னும் ஜெர்மானியர். அவர் இருபது வயதில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு வணிக நிலையத்தில் கடிதம் கொண்டு செல்லும் எளிய பணியில் இருந்தார். குளிருக்குக் கணப்பும் இல்லாத சிற்றறையில் வாழ்ந்து, ஊதியத்தில் பாதியைக் கல்விக்கே செலவிட்டார். அவர் ஆங்கிலம் கற்ற முறை இது: நாள்தோறும் உரக்கப் படித்தார். மொழிபெயர்ப்பை அறவே விலக்கினார். தமக்கு விருப்பமான பொருள் பற்றி எழுதி, ஆசிரியரிடம் திருத்தம் பெற்று, அதனை மனப்பாடம் செய்து மறுநாள் ஒப்பித்தார். ஞாயிறுதோறும் இரு முறை ஆங்கிலேயர் கோயிலுக்குச் சென்று, சமய உரையாளர் கூறும் ஒவ்வொரு சொல்லையும் தாமும் மெல்லிய குரலில் பின்பற்றிச் சொன்னார். மழை பெய்த நாளிலும் கையில் நூலின்றித் தெருவில் நடந்தாரல்லர்; அஞ்சல் நிலையத்தில் காத்திருக்கும் நேரமும் அவருக்குப் படிப்பு நேரமே. ஆறு திங்களில் ஆங்கிலம் கைவந்தது என்கிறார். தம் வரலாற்றைச் சற்றுப் பெருக்கியே சொல்பவர் ஸ்லீமன் என்பது அறிஞர் கருத்து. திங்கள் கணக்கைச் சிறிது கூட்டிக்கொள்வதில் தவறில்லை.

அவர் பின்னர் உருசிய மொழி கற்ற கதை இதனினும் சுவையானது. அம்மொழி கற்பிப்பார் அந்நகரில் எவரும் கிடைக்கவில்லை. ஆயினும் தாம் ஒப்பிப்பதனைக் கேட்க ஒருவர் இருந்தால் விரைவில் முன்னேறலாம் என்று எண்ணினார். ஓர் ஏழை முதியவருக்கு வாரம் நான்கு பிராங்கு கூலி பேசி, மாலைதோறும் இரண்டு மணி நேரம் எதிரே அமரச் செய்தார். அம்முதியவருக்கு உருசிய மொழியில் ஓர் அசையும் தெரியாது! ஸ்லீமன் உரத்த குரலில் ஒப்பிப்பார், முதியவர் கேட்டுக்கொண்டிருப்பார். மெல்லிய பலகைத் தளமுள்ள வீடாதலால் மற்றக் குடித்தனக்காரர் வீட்டுக்காரரிடம் முறையிட்டனர். ஸ்லீமன் இரு முறை வீடு மாற நேர்ந்தது. எனினும் சில வாரங்களில், அவுரிச் சாய ஏலத்திற்காக ஆம்ஸ்டர்டாம் வந்த உருசிய வணிகரோடு அவரால் உரையாட முடிந்தது.

மொழி அறியாத முதியவரால் யாது பயன் என்று கேட்கலாம். அவர் பிழை திருத்தவில்லை. ஆனால் எதிரில் ஒருவர் அமர்ந்திருக்கும்போது தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட முடிவதில்லை. குரல் வெளிவந்தே ஆக வேண்டும். இவ்வாறு நோக்கின், ஆங்கிலம் பேசுவார் எவரும் இல்லாத சிற்றூர் மாணவனுக்கும் துணை இல்லாமற் போகாது. திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டியே போதும். “அப்பத்தா, சற்று இதைக் கேளுங்கள்” என்று எதிரே அமர்ந்து, அன்று பள்ளியில் நடந்தவற்றை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லலாம். ஒரு சொல்லும் விளங்காவிடினும் பேரன் குரலைக் கேட்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சியே. பிழை திருத்தும் பணியை வேறிடத்தில் தேடிக்கொள்ளலாம். இக்காலத்தில் கைப்பேசியில் தம் குரலைப் பதிந்து, நன்கு பேசுவார் குரலோடு ஒப்பிட்டுக் கேட்கவும் வழியுண்டு. தம் குரலை முதலில் கேட்கும்போது எவர்க்கும் நாணம் தோன்றும். நான்காம் நாள் அது மறையும்.

செய்யும் செயலைச் சொல்லிக்கொண்டே செய்வதும் நல்ல பயிற்சி. மிதிவண்டியைத் துடைக்கும்போது “சக்கரத்தைத் துடைக்கிறேன், சங்கிலிக்கு எண்ணெய் இடுகிறேன்” என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லிப் பார்த்தால், தெரியாத சொற்கள் எவை என்பது உடனே வெளிப்படும். அகராதியை நாடுவதற்கு முன், தெரிந்த சொற்களால் சுற்றிவளைத்துச் சொல்ல முயல்வது இன்னும் நன்று. சல்லடைக்குரிய ஆங்கிலச் சொல் நினைவுக்கு வரவில்லை எனின், “மாவு சலிப்பதற்குரிய, சிறு துளைகள் உள்ள பொருள்” என்று கூறலாம். கடைக்காரர் அதனை எடுத்துத் தந்துவிடுவார். சொல் வராதபோது வாயடைத்து நில்லாமல் வேறு வழியில் செல்லக் கற்றவனே பேச்சில் முன்னேறுகிறான்.

தமிழ்நாட்டுப் புகைவண்டி நிலையங்களில் வண்டி வருகையைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கின்றனர். பொருள் ஒன்றே, எண்ணும் ஊர்ப்பெயரும் மாறா. தமிழறிவிப்பைக் கேட்டவனுக்கு ஆங்கில அறிவிப்பின் பொருள் முன்னரே தெரிந்துவிடுகிறது. எனவே அவன் செவி முழுவதும் ஒலியிலேயே நிற்கலாம். வண்டிக்காகக் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் ஓர் அறிவிப்பைப் பலமுறை கேட்டு, அதனோடு சேர்ந்து முணுமுணுக்கும் மாணவன், ஸ்லீமன் கோயிலில் செய்ததையே செய்கிறான். கிரிக்கெட் ஆட்டத்தின் நேர்முக வருணனையும் இத்தகையதே. ஆட்டம் கண்முன் நிகழ்வதால் சொல்லின் பொருளை ஆட்டமே உரைத்துவிடுகிறது.

ஒரு நாடு முழுவதும் இவ்வகையில் வீட்டிலிருந்தே ஆங்கிலம் பேசக் கற்ற காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்ற ஜப்பானில், 1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நாட்டு வானொலி ஓர் ஆங்கில உரையாடல் பாடத்தைத் தொடங்கிற்று. நடத்தியவர் டாடாயிச்சி ஹிராகவா. அவர் இளமையில் அமெரிக்கா சென்று, 17 வயதில் சிறு குழந்தைகளோடு தொடக்கப் பள்ளியில் அமர்ந்து ஆங்கிலம் கற்றவர். பின்னர் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்று தாயகம் திரும்பியவர். போருக்கு முன் ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் என்பது பெரிதும் படித்து மொழிபெயர்க்கும் பாடமாகவே இருந்தது. ஹிராகவா இலக்கண நூலை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு குடும்பத்தில் நாள்தோறும் நிகழும் பேச்சையே பாடமாக்கினார். குழந்தை தாயின் வாய்ச்சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது போலச் சொன்னால் போதும் என்பது அவர் கொள்கை. பாடத்தின் தொடக்க இசையும் ஜப்பானியக் குழந்தைகள் அனைவரும் அறிந்த ஒரு பாட்டின் மெட்டே. அதற்கு ஆங்கிலச் சொற்களை அமைத்திருந்தார். எரிந்த வீடுகளும் உணவுத் தட்டுப்பாடும் நிறைந்த நகரங்களில், வேலைநாள்தோறும் பதினைந்து நிமிடம் வானொலியின் முன் முதியோரும் சிறியோரும் கூடி, கேட்டதைக் கேட்டவாறே கூறினர். கேட்போர் தமக்குள் கூடிப் பேசிப் பழகுவதற்கென்று ஊர்தோறும் சங்கங்கள் தோன்றின. அந்நாட்டு வானொலியில் 1951 வரை அப்பாடம் நடைபெற்றது. எல்லாரும் ஒருங்கே குழந்தைகளாகிவிட்ட இடத்தில் ஒருவர் பிழையைக் கண்டு மற்றவர் நகைக்க இடமில்லை.

நகைப்பைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். பள்ளிகளில் ஒருவன் ஆங்கிலத்தில் பிழைபடப் பேசினால் சிரிக்கின்றனர். பிழையின்றிப் பேசினாலோ “துரை வந்துவிட்டார்” என்று சொல்லிச் சிரிக்கின்றனர். பேசாதிருப்பவன் ஒருவனே தப்புகிறான்! தமிழ் கற்கும் அயல்நாட்டார் ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று சொன்னால், அவர் முயற்சியைப் பாராட்டுகிறோம். அதே பரிவை ஆங்கிலம் கற்கும் தோழனிடம் காட்டுவதில்லை. இந்நாட்டில் ஆங்கிலம் ஒரு மொழியாக மட்டும் கருதப்படாமல், குடும்பத்தின் நிலையையும் செல்வத்தையும் அளக்கும் கோலாகவும் ஆகிவிட்டமையே இதற்குக் காரணம். வேலைக்கான நேர்காணலில் விடை தெரிந்தும் வாய் திறவாது திரும்பும் இளைஞர் பலர், தம் முதற்பாடத்தை இச்சிரிப்பிடமே கற்றவர்கள். ஆசிரியர் ஒரு வகுப்பில் இச்சிரிப்பை நிறுத்திவிட்டாலே பேச்சுப் பயிற்சியில் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

ஒலிப்பு முற்றிலும் ஆங்கிலேயர் போல் அமைய வேண்டும் என்று கவலையுறுவோரும் உளர். கேட்பவர்க்குப் பொருள் மயங்காதிருக்கும் அளவு தெளிவு வேண்டும். அதற்கு மேல் வேண்டுவதில்லை. ஜோசப் கான்ராடு என்பவர் போலந்து நாட்டுக் குடும்பத்தில் 1857-இல் பிறந்தவர். போலிஷ் அவர் தாய்மொழி. பிரெஞ்சு இரண்டாவது மொழி. 1878-இல் மாலுமியாக இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் இறங்கியபோது அவர் அறிந்திருந்த ஆங்கிலச் சொற்கள் மிகச் சில. அங்கிருந்து நிலக்கரி ஏற்றிச் செல்லும் ஒரு சிறு கப்பலில் சேர்ந்து, உடன் உழைத்த மாலுமிகளிடமே மொழியைக் கற்றார். எட்டே ஆண்டுகளில், 1886-இல், கப்பல் தலைவர்க்குரிய தேர்வில் தேறினார். 1895-இல் முதல் நாவலை வெளியிட்டார். ஆங்கில நாவலாசிரியருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் அவருடைய பேச்சில் போலிஷ் ஒலிப்பு இறுதிவரை நீங்கவில்லை.

அவ்வொலிப்பின் காரணமாக மேடையேறிப் பேசுவதற்கு அவர் பெரிதும் தயங்கினார். 1923-ஆம் ஆண்டு மே திங்களில் நியூயார்க் நகரில் ஓர் இல்லத்தில் கூடியவர் முன் தம் ‘விக்டரி’ என்னும் நாவலின் பகுதிகளைப் படித்துக் காட்ட இசைந்தார். அப்போது வயது அறுபத்தைந்து. அவர் நுழைந்ததும் அவையோர் எழுந்து கைதட்டினர். ஆரவாரம் அடங்கிய பின் ஒரு கணம் கடும் வேதனை தம்மைப் பற்றிக்கொண்டதாக அவர் தம் மனைவிக்கு மடல் எழுதினார். மனைவி அளித்திருந்த கடிகாரத்தை எடுத்து எதிரே மேசைமீது வைத்துக்கொண்டு, முயன்று பேசத் தொடங்கினார். கேட்டவர் அமைதியுடன் இருந்தனர், இடையிடையே சிரித்தனர், நாவலின் தலைவி இறக்கும் பகுதியைப் படித்தபோது சிலர் விம்மும் ஒலி கேட்டது. இரவு 9.45 மணிக்குத் தொடங்கியவர், அக்கடிகாரத்தைப் பார்த்தவாறே, சரியாக 11 மணிக்குப் படித்து முடித்தார்.